தட்டு காலியாக வரக் கூடாது

மாவு உருண்டையைத் துருவியின் பற்கள்மேல் வைத்துக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி இழுக்க வேண்டும். மேலே பேரீச்சையின் தோல்போலப் புள்ளி புள்ளியாகப் பதியும். லேசாக என்பதுதான் ரெஷாத்துக்கு வராது.

"உன் கட்டைவிரல் டிராமுக்கு போல்ட்டு முடுக்கத்தான் லாயக்கு" என்றாள் ஷெம்ஸா. "பாரு, பாதிப் பலகாரம் செருப்பு மாதிரி தட்டையாக் கெடக்கு."

"தட்டையா இருக்கறதெல்லாம் எனக்கு. அதுக்குத்தானே தட்டையாக்குறேன்."

அது ஏப்ரல் மாதத்தின் கடைசி ஞாயிறு. தொண்ணூற்றிரண்டாம் வருஷம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தொப்ரிலா வீட்டில் ஈஸ்டர். தொப்ரிலாவின் புருஷன் மோமிரும் ரெஷாத்தும் பதினெட்டு வருஷமாக ஒரே டிராம் பணிமனையில் ஒரே குழிக்குள் இறங்கி வேலை பார்த்தவர்கள். பைராம் பெருநாளுக்கு இங்கேயிருந்து தட்டு அங்கே போகும். ஈஸ்டருக்கு அங்கேயிருந்து சிவப்பு முட்டை இங்கே வரும். நீல விளிம்பு வைத்த வெள்ளைத் தட்டு, விளிம்பில் ஓரிடத்தில் சில்லு பெயர்ந்தது. அது யார் வீட்டுத் தட்டு என்பதே இரண்டு வீட்டுக்கும் மறந்துபோயிருந்தது.

எலுமிச்சைத் துண்டோடு பாகு கொதித்துக்கொண்டிருந்தது. பலகாரம் ஆறியிருக்க வேண்டும், பாகு சூடாக இருக்க வேண்டும். இரண்டும் சூடாக இருந்தால் கூழாகிவிடும். ஷெம்ஸா நேராக வந்த பன்னிரண்டைப் பொறுக்கிப் பாகில் ஊறவைத்துத் தட்டில் அடுக்கினாள். வெள்ளைத் துண்டால் மூடி நான்கு முனையையும் முடிந்தாள்.

"இன்னிக்குப் போய்த்தான் ஆகணுமா? போன வாரம் பாலத்துல முகமூடி போட்டுக்கிட்டு எவனெவனோ நின்னானாமே."

"நின்னா நிக்கட்டும். அதுல ரெண்டு பேரு நம்ம பணிமனைப் பசங்க. மூஞ்சியை மூடிக்கிட்டானுங்க, தொப்பையை மறைக்கத் தெரியல." அவன் ஷூவை மாட்டினான். "நம்ம கட்டட வாசல்லேருந்து அவங்க படிக்கட்டு வரைக்கும் நானூத்திப் பன்னண்டு தப்படி. உன் குட்டைக் காலுக்கு நானூத்தி அறுபது. நான் எண்ணியிருக்கேன்."

"வேற வேலை இல்லை உனக்கு."

"பாகு ஆறறதுக்குள்ள வந்துடுவேன்."

"வா. ஆனா தட்டு காலியா வந்துது, உன்னை வாசல்லயே நிறுத்திடுவேன்."

சிரித்துக்கொண்டே போனான். படியில் இறங்கும்போது எதிர்வீட்டு ஹாய்ரா அக்காவிடம் ஏதோ கேலி பேசியதும் கேட்டது. அவ்வளவுதான்.

ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"இங்கயே மாட்டிக்கிட்டேன்" என்றான். "பாலத்துல சுடுறானுங்க."

"மூணு மணிக்கே கெளம்பியிருக்கலாமே?"

"கெளம்பிட்டேன் ஷெம்ஸா. வாசல் வரைக்கும் வந்துட்டேன். தொப்ரிலா விடல. ஆறு முட்டைய வெச்சா. அப்புறம் அவளே தட்டைப் பார்த்துட்டு, 'பன்னண்டுக்கு ஆறு முட்டையா, ஷெம்ஸா முன்னாடி என் மானம் என்னாகிறது, உக்காரு'ன்னுட்டு வால்நட் பிஸ்கட்டை அடுப்புக்குள்ள தள்ளிட்டா. அது வேகறதுக்குள்ள தொடங்கிடுச்சு." பின்னால் யாரோ பேசியது கேட்டது. அவன் சிரித்தான். "நீதானே காலியா வரக் கூடாதுன்ன? இப்பத் தட்டு நெறஞ்சிருக்கு. வர்றதுக்குத்தான் வழியில்ல."

ஒரு வாரம் தினமும் பேசினார்கள். தட்டையான பலகாரங்களைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னான். மோமிர் இரவெல்லாம் குறட்டை விடுகிறான், அவனோடு ஒரே அறையில் படுப்பதற்குப் பாலத்திலேயே நின்றிருக்கலாம் என்றான். நாளைக்கு, நாளைக்கழித்து, என்றான். மே மாதம் இரண்டாம் தேதிக்குப் பிறகு தொலைபேசியைக் காதில் வைத்தால் ஒன்றுமே கேட்கவில்லை. இரைச்சல்கூட இல்லை.

சமையலறை ஜன்னல் ஆற்றைப் பார்த்து இருந்தது. எதிர்க்கரையில் நான்காவது மாடியில் தொப்ரிலாவின் பால்கனி. ஒரு சாயங்காலம் ரெஷாத் அங்கே நின்று சிகரெட் பிடிப்பதைப் பார்த்தாள். கை அசைக்கலாமா என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் யாரோ அவனை உள்ளே இழுத்துவிட்டார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு குண்டு அவள் ஜன்னல் வழியாக வந்து, அலமாரியில் இருந்த சர்க்கரை டின்னுக்குள் நுழைந்து அங்கேயே நின்றது. ஹாய்ரா அக்காவும் அவளும் துணி அலமாரியைத் தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலை அடைத்தார்கள்.

"இனிமே இந்தப் பக்கம் எட்டிப் பாக்காதே" என்றாள் ஹாய்ரா அக்கா. அறுபது தாண்டியவள். புகையிலை கிடைக்காமல் டீத்தூளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் அங்கதான் இருக்கான் அக்கா."

"அவன் அங்க இருக்கான். துப்பாக்கிக்காரனும் அங்கதான் இருக்கான். ரெண்டு பேருல யாரு உன்னை முதல்ல பாப்பான்னு நெனைக்கிற?"

அன்றிலிருந்து சமையலறையில் பகலிலும் இருட்டு. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அதன் வழியாக ஆற்றின் ஒரு கீற்றும் எதிர்க் கட்டடத்தின் ஒரு மூலையும் தெரியும். பால்கனி தெரியாது. அலமாரியை ஒரு சாண் நகர்த்தினால் தெரியும். நகர்த்த அவளால் முடியும். ஒவ்வொரு நாளும் முடிந்தது, ஒவ்வொரு நாளும் நகர்த்தவில்லை.

நகரமே அப்படித்தான் இருந்தது. மலைகள் சுற்றி நின்றன, மலைமேல் பீரங்கிகள் நின்றன, ஆறு இரண்டு படைகளுக்கு நடுவே எல்லையாகிவிட்டது. தண்ணீருக்குப் போவாள், வரிசையில் நிற்பாள், கேனைச் சுமந்து ஏழு மாடி ஏறுவாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினால் அலமாரியின் முதுகு. முதல் குளிர்காலத்தில் நாற்காலிகளை எரித்தாள், பிறகு அவனுடைய பழைய ஷூக்களை எரித்தாள். ஒரு ஜோடியை மட்டும் விட்டுவைத்தாள். பாத்திரத்தில் கல்லாகிக் கிடந்த தட்டையான பலகாரங்களை டிசம்பரில் ஒவ்வொன்றாகச் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் தின்றாள். ருசியாக இருந்தன. அவ்வளவு ருசியாக இருந்ததற்காகவே அழுதாள்.

அந்தப் படிக்கட்டில் யாராவது செத்தால் சொல்லி அனுப்பத் தேவையில்லை. கோதுமை மாவு வறுபடும் வாசனை வரும். செத்தவருக்காக அல்வா கிண்டுவார்கள். வெண்ணெய் இல்லாவிட்டால் நிவாரண எண்ணெய், சர்க்கரை இல்லாவிட்டால் எவரிடமோ மிச்சமிருந்த ஜாம். மாவு வெள்ளையிலிருந்து வால்நட் தோலின் நிறத்துக்கு வரும்வரை விடாமல் கிளற வேண்டும். கிளறும்போது இறந்தவரின் பெயரை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வாசல் வாசலாகத் தட்டு போகும். அந்த நாலு வருஷத்தில் அந்த வாசனை படிக்கட்டின் சுவரிலேயே ஏறிவிட்டது.

ஷெம்ஸா மட்டும் கிண்டவில்லை.

கைதிகளைப் பாலத்தில் மாற்றிக்கொள்கிறார்கள் என்று மூன்று தடவை கேள்விப்பட்டுப் போனாள். மூன்று தடவையும் பேருந்திலிருந்து இறங்கியவர்கள் வேறு யாருடைய புருஷர்களோ. நிவாரணக்காரர்கள் அக்கரைக்கு எடுத்துப்போகும், இருபத்தைந்து வார்த்தைக்குள் எழுதும் சீட்டுகளை அனுப்பினாள். பதில் வரவில்லை. பதில் வரவில்லை என்பது ஒரு பதிலா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வருஷம் ஹாய்ரா அக்கா அரைக் கிலோ மாவும் ஒரு டம்ளர் எண்ணெயும் ஒரு கைப்பிடி சர்க்கரையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"என்னக்கா இது?"

"உனக்குத் தெரியும்."

"எடுத்துட்டுப் போ."

"அடியே, நான் சொல்றதக் கேளு. நான் அவன் சாகணும்னா சொல்றேன்? படியில இறங்கும்போதெல்லாம் 'ஹாய்ரா, இன்னுமா உசுரோட இருக்கே'ன்னு கேப்பான். அப்படிக் கேக்க இப்ப எனக்கு யாரு இருக்கா? ஆனா ஒருத்தன் போயிட்டான்னா அவனுக்கு ஒரு வாசனையாவது போய்ச் சேரணும்."

"போகலைன்னா? நான் கிண்டி முடிச்ச மறுநாள் கதவத் தட்டினான்னா? என் மூஞ்சிய எங்க வெச்சுக்குவேன்?"

"வந்தான்னா அந்த அல்வாவ அவனே தின்பான். பாத்திரத்தையும் நக்குவான். அவனை எனக்குத் தெரியாதா?"

ஷெம்ஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கிண்டவில்லை. சர்க்கரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாவையும் எண்ணெயையும் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே அது நடந்தது. மூன்று நாளாக வெறும் அரிசிக் கஞ்சி. நாக்குக்கு ஏதாவது வேண்டும்போல இருந்தது. ரெண்டு கரண்டி மாவை எண்ணெயில் சிவக்க வறுத்து, தண்ணீர் ஊற்றி, மிளகாய்த்தூள் தூவி, சூப் வைக்கலாம் என்று தகர அடுப்பை மூட்டினாள். மாவு நிறம் மாறும்போதே தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். கையிலிருந்த கேன் காலி. இன்னொரு கேனை எடுக்க உள்ளறைக்குப் போய், மூடி இறுகிக்கொண்டு, திறந்து வருவதற்குள் வாசனை கதவிடுக்கு வழியாகக் கீழே இறங்கிவிட்டது.

பத்து நிமிஷத்தில் கதவு தட்டப்பட்டது. ஹாய்ரா அக்கா தலையில் முக்காட்டோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் ஐந்தாம் மாடிப் பெண்கள் இருவர், மூன்றாம் மாடிக் கிழவர். ஒருத்தி கையில் காபித்தூள் பொட்டலம். எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ.

"ஆண்டவன் அவனுக்கு நல்ல இடம் குடுக்கட்டும்" என்று ஹாய்ரா அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். தோள் நனைந்தது. "நல்ல காரியம் பண்ணினே. நல்ல காரியம்."

"அக்கா. சூப்பு."

"என்ன?"

"சூப்பு அக்கா. சூப்பு வெக்கிறேன். வேற ஒண்ணும் இல்ல."

யாரும் நகரவில்லை. கிழவர் தொப்பியைக் கழற்றியிருந்தார். அதை மறுபடி போடுவதா வேண்டாமா என்று கையிலேயே வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் ஷெம்ஸா கிண்ணங்களை எடுத்து வைத்தாள். ஆளுக்கு நாலு கரண்டி வந்தது. காபிப் பொட்டலத்தைக் கொண்டுவந்தவள் அதைத் திரும்பக் கேட்கவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உப்பு கம்மி" என்றாள் ஹாய்ரா அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் மாவு வறுக்கவே இல்லை. அவித்தாள், கரைத்தாள், தண்ணீரில் பிசைந்து தட்டிச் சுட்டாள். வறுப்பதற்கு மட்டும் பயம். அந்த வாசனை வந்த நிமிஷத்தில் அவன் செத்துவிடுவான் என்றும், வராதவரை அவனைச் சாக விடாமல் பிடித்து வைத்திருப்பது தான்தான் என்றும் அவள் நம்ப ஆரம்பித்திருந்தாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். அவளுக்கே அப்படித்தான் தோன்றியது. இருந்தும் கை மாவை வறுக்கவில்லை.

சண்டை நின்று, தொண்ணூற்றாறு மார்ச்சில் பாலம் திறந்தது.

இரண்டாம் நாள் போனாள். அவனுக்கென்று விட்டுவைத்திருந்த ஷூவைப் பையில் போட்டுக்கொண்டாள். தப்படிகளை எண்ணவில்லை. கண்ணாடித் தூளும் கருகிய மெத்தைகளுமாகத் தெரு கிடந்தது. எதைப் பார்த்து நடப்பது என்று தெரியாமல் நடந்தாள். கட்டடத்தின் பாதி எரிந்திருந்தது. நான்காவது மாடியில் கதவுக்குப் பதிலாகப் போர்வை தொங்கியது. போர்வையை விலக்கிப் பார்த்த பெண்ணின் தலை முழுக்க நரைத்திருந்தது. தொப்ரிலாதான். ஷெம்ஸாவைவிட அவளுக்கு ஒரு வயது குறைவு.

தொப்ரிலாவின் கண்கள் பையைப் பார்த்தன, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஷூவைப் பார்த்தன. அங்கேயே நின்றன. அப்போதே ஷெம்ஸாவுக்குத் தெரிந்துவிட்டது.

"எப்ப?"

"அந்த வருஷமே. ஆகஸ்ட் மூணாந்தேதி."

"எப்படி?"

"ஆளுங்க வந்தாங்க. பேரு எழுதி வெச்சிருந்தாங்க. பதுங்குகுழி தோண்டணும்னு ரெண்டு பேரையும் மேட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சாயங்காலம் மோமிர் மட்டும் வந்தான். பக்கத்துலதான் நின்னிருக்கான். ஒரே குண்டு. ரெஷாத்துக்குத் தெரிஞ்சேயிருக்காதுன்னான்." தொப்ரிலா டிராயரிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். "எங்க வெச்சாங்கன்னு மோமிர் வரைஞ்சு குடுத்தான். ரெண்டு வால்நட் மரம், ஒரு தண்ணித் தொட்டி. அதுக்கப்புறம் அவன் யாருகிட்டயும் பேசறதில்ல. நோவி சாத்ங்கற ஊர்ல தங்கச்சி வீட்டுல கெடக்கான்."

ஷெம்ஸா காகிதத்தை வாங்கிக்கொண்டாள். பிரிக்கவில்லை.

"நாலு வருஷம்" என்றாள். "நாலு வருஷமா உனக்குத் தெரியும்."

"எழுத உக்காந்தேன். அந்தச் சீட்டுல இருபத்தஞ்சு வார்த்தைதான். எதை எழுதறது? 'என் பிஸ்கட்டுக்காக உக்கார வெச்சேன்'னு எழுதறதா? கிழிச்சுப் போட்டேன். மறுபடி உக்காந்தேன். மறுபடி கிழிச்சேன்." தொப்ரிலா டிராயரை மூடினாள். "அவன் வாசல் வரைக்கும் வந்துட்டான் ஷெம்ஸா. ஷூகூடப் போட்டுட்டான். நான்தான் உக்காருன்னேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்கே போன்ல சொன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்." ஷெம்ஸா ஷூவைப் பைக்குள் தள்ளினாள். "காலியா வந்தா வாசல்ல நிறுத்துவேன்னு சொல்லி அனுப்பினது நான்."

தொப்ரிலா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஷெம்ஸாவும் உட்கார்ந்தாள். வேறு உட்கார ஒன்றும் இல்லை, நாற்காலிகளை இந்தப் பக்கமும் எரித்திருந்தார்கள்.

"அவனுக்கு யாராவது ஏதாவது பண்ணினாங்களா?" என்று கேட்டாள் ஷெம்ஸா.

"நான்தான். வேற யாரு இருந்தா? அல்வா ரெண்டு தடவ கிண்டிப் பார்த்தேன். கட்டி கட்டியா வந்துது. கட்டி இருந்தா அவன் தொடமாட்டானே. அதனால எங்க வழக்கப்படி கோதுமைய அவிச்சு, இடிச்சு, சர்க்கரை போட்டு வெச்சேன். வால்நட் கிடைச்ச வருஷம் வால்நட்டும் போட்டேன். ஒவ்வொரு ஆகஸ்டும். தப்பா?"

ஷெம்ஸாவுக்கு முதலில் வந்தது கோபம். தான் மாவைத் தொடாமல் அவனைப் பிடித்து வைத்திருந்த நாலு வருஷமும் இங்கே ஒருத்தி அவனுக்குக் கோதுமை அவித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு கோபம் போய்விட்டது. போன இடத்தில் ஒன்றும் வரவில்லை.

"அதை அவனுக்குப் பிடிக்கும்" என்றாள். "உங்க வீட்டு விசேஷத்துல ரெண்டு கிண்ணம் தின்னுட்டு வந்து என்கிட்ட மறைப்பான்."

கிளம்பும்போது தொப்ரிலா உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்தாள். அதே தட்டு, அதே சில்லு. துடைத்து, அதே வெள்ளைத் துண்டில் சுற்றியிருந்தாள். கையில் வைத்துக்கொண்டு சமையலறையைச் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு மூலையில் அரை மூட்டை உருளைக்கிழங்கு, ஒரு உப்பு ஜாடி.

"உக்காரு" என்றாள். "பக்கத்துல யாருகிட்டயாவது முட்டை—"

சொன்ன வார்த்தை அவள் வாயிலேயே நின்றுவிட்டது.

"காலியாவே குடு" என்றாள் ஷெம்ஸா.

"எப்படி ஷெம்ஸா?"

"குடு."

காலித் தட்டோடு பாலத்தைத் தாண்டி வந்தாள்.

மறுநாள் காலையில் ஹாய்ரா அக்காவைக் கூப்பிடாமல் அவளே அலமாரியைத் தள்ளினாள். நாலு வருஷம் நின்ற இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. வெளிச்சம் அடுப்புவரை வந்தது. கடையில் வெண்ணெய் வந்திருந்தது. உருக்கி, மாவைக் கொட்டி, மரக்கரண்டியால் கிளற ஆரம்பித்தாள். மாவு வெகுநேரம் வெள்ளையாகவே இருந்தது. கை வலித்தது. நிறம் மாறத் தொடங்கிய இடத்தில் அவள் கை தானாகவே நின்றது. ஒரு மூச்சு அளவு நின்றிருக்கும். பிறகு கிளறினாள். அவன் பெயரைச் சொன்னாள். மனதில் சொல்லத்தான் நினைத்தாள், வாய்விட்டே வந்தது.

கதவு தட்டப்பட்டது. ஹாய்ரா அக்கா. தலையில் முக்காடு இல்லை. போன தடவை பட்டது போதும் என்று இருந்திருப்பாள். மூக்கை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"சூப்பா?"

"இல்லக்கா. அல்வா."

ஹாய்ரா அக்கா கதவை முழுக்கத் திறந்தாள். உள்ளே வந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். "நீ பாகை ஊத்து" என்றாள். "ஒரே இடத்துல ஊத்தாதே, கட்டி கட்டும்." பாகு விழுந்ததும் பாத்திரம் சீறியது. ஆவி ஜன்னல் வழியாக ஆற்றுப் பக்கம் போனது. கீழ்மாடியில் ஒரு கதவு திறந்தது, பிறகு இன்னொன்று.

முதல் பங்கை நீல விளிம்புத் தட்டில் வைத்தாள். கரண்டியால் அழுத்திச் சிப்பிபோல வரி போட்டு அடுக்கினாள்.

"அது யாருக்கு?" என்றாள் ஹாய்ரா அக்கா.

"தொப்ரிலாவுக்கு. அவதான் அவன் பக்கத்துல இருந்தா."

ஹாய்ரா அக்கா துண்டை எடுத்துக் கொடுத்தாள். நான்கு முனையையும் முடிந்துகொண்டு ஷெம்ஸா படியில் இறங்கினாள். கட்டட வாசலில் நின்று, முதல் தப்படியை எடுத்து வைத்து, அவன் எண்ணியதுபோல எண்ணத் தொடங்கினாள். பாலத்தின் நடுவில் ஒருவன் காலை வணக்கம் சொன்னான். எண்ணிக்கை விட்டுப்போகாமலிருக்கத் தலையை மட்டும் அசைத்தாள். தட்டின் அடி சூடாக இருந்தது. தொப்ரிலாவின் படிக்கட்டுக்கு முன்னால் வலது காலை ஊன்றி நின்றாள்.

நானூற்று அறுபது.